திரும்பி வரும் தேதி கட்டாயம்

எங்கள் வளவை விட்டு இதுவரை ஒருத்தர்கூடப் போனதில்லை. நான் சொல்லவில்லை, ஆபீஸ் சொல்கிறது. நிலாவில் இருக்கிற எல்லாக் குடியிருப்புகளையும் வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, ஆட்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிற குடியிருப்புக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். அது வருஷா வருஷம் எங்களுக்குத்தான். வடக்கு விளிம்பில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் குடியிருப்பில் பாதி வீடு காலி. எங்கள் குலசை வளவு மட்டும் எப்போதும் நிரம்பி வழிகிறது. அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று ஒரு ஜெர்மன்காரி குறிப்பெடுக்கவே வந்தாள். ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பினோம்.

கேடயம் மாட்டியிருக்கிற சுவருக்கு நேர் எதிரே செந்தூரான் அண்ணாச்சி வீடு. அண்ணாச்சி சாமான்களை எல்லாம் அக்கம்பக்கத்தில் பங்குவைத்துக் கொடுத்துவிட்டு உடன்குடிக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது.

ஆனாலும் அந்த வீட்டுக்குள் விளக்கு எரிகிறது. காற்று மோட்டார் ஓடுகிறது. வெதுவெதுப்பு குறையாமல் இருக்கிறது. ஆள்தான் இல்லை. அந்த மாதிரி பதினோரு வீடுகள் இருக்கின்றன. நிலாவில் காற்று சும்மா வருவதில்லை. பனிப்பாறையைத் தோண்டி, உருக்கி, பிரித்து, குழாயில் விட வேண்டும். எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அந்தத் தோண்டுகிற வேலைக்குத்தான் குலசையில் ராக்கெட் ஏறி வந்தவர்கள். தோண்டி எடுத்த காற்றில் மூன்றில் ஒரு பங்கு யாருமில்லாத வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேடயம் பளபளவென்று இருந்தது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், வளவின் சலவை அறை என் பொறுப்பு. எந்த வீட்டுக் கூடையில் என்ன வருகிறது, எந்த வீட்டுக் கூடை வரவே இல்லை என்று பார்ப்பது அந்த வேலையிலேயே அடக்கம். மற்றபடி அடுத்தவர் விஷயத்தில் எனக்கு அக்கறை கிடையாது.

சுயம்புக்கனி உண்டாகியிருக்கிறாள் என்பதும் அப்படித்தான் அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. கனி பயிர் அறையில் கீரை வளர்க்கிறவள். அவள் வீட்டுக்காரன் லிங்கதுரை துளைப்பு வண்டி ஓட்டுகிறான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்த பிள்ளை. எங்கள் வளவில் பிறக்கப் போகிற முதல் பிள்ளையும்கூட. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று பிள்ளைக்கு மூச்சிடம் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். மூச்சிடம் என்றால் ஒரு ஆளுக்குரிய காற்றும் இடமும். அது இல்லாமல் இங்கே யாரும் பிறக்கவும் முடியாது, வந்து தங்கவும் முடியாது.

திரை சிவப்பாகிவிட்டது. ‘வளவில் காலி இடம் இல்லை.’

மறுநாள் குடியிருப்பு அதிகாரி அனவரதனைப் பார்க்கப் போனார்கள். நானும் துணைக்குப் போனேன். துணைக்கு என்றால் துணைக்குத்தான்.

அனவரதன் மெட்ராஸ்காரர். எதைச் சொன்னாலும் முதலில் வாழ்த்திவிட்டுத்தான் மறுப்பார்.

“ரொம்ப சந்தோஷம்மா, வாழ்த்துகள். ஆனா பாருங்க, வளவு ஃபுல்லா இருக்கே.”

“எங்க சார் ஃபுல்லு?” என்றான் லிங்கதுரை. “எதுத்த வீடு காலி, பக்கத்து வீடு காலி. நடையில நின்னு தும்முனா நாலு தடவ திருப்பிக் கேக்கு.”

“காலி இல்லப்பா. அவங்கல்லாம் ஊருக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க.”

“செந்தூரான் அண்ணாச்சியா? அவரு உடன்குடில கருப்பட்டிக் கடை போட்டு, கடைக்கு மாடியும் கட்டியாச்சே சார்!”

அனவரதன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். செந்தூரான் பெயருக்கு எதிரே, நிலை: போய் வருகிறேன். திரும்பி வரும் தேதி: இந்த நூற்றாண்டின் கடைசி நாள்.

“அவர் வாயால சொன்னது. நான் மாத்த முடியாது. யாராலயும் முடியாது.” அதற்குக் காரணமும் சொன்னார். “ரொம்ப வருஷம் முன்னாடி வேற ஒரு தளத்துல, வெளியே வேலைக்குப் போன ஆளைப் போய்ட்டான்னு நினைச்சுக் காத்தை நிறுத்திட்டாங்க. அவன் திரும்பி வந்து கதவைத் தட்டினான். உள்ள காத்து இல்ல. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். ஆளே தன் வாயால ‘போகிறேன்’னு சொன்னாத்தான் அவர் மூச்சிடத்தை எடுக்கலாம்.”

நல்ல சட்டம்தான். நல்ல சட்டத்தோடு சண்டை போடுவது கஷ்டம்.

“அப்ப நாங்க என்ன செய்ய?” என்றாள் கனி.

“அடுத்த ஓடத்துல நீங்க பூமிக்குப் போயிடணும். அதுக்கு மேல தள்ளினா டாக்டர் ராக்கெட் ஏத்த மாட்டாங்க. பிரசவம் அங்க ஆகட்டும். குழந்தைக்கு அஞ்சு வயசாகறதுக்குள்ள புது இடம் கட்டிடுவாங்க, அப்ப ரெண்டு பேரும் தாராளமா மேல வரலாம்.”

லிங்கதுரைக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வருஷம். அவன் இறங்க முடியாது. அதாவது பிள்ளை பேசி, நடந்து, பள்ளிக்கூடம் சேருகிற வரைக்கும் அப்பா என்பது ஒரு திரை. இதை அவர் ‘தாராளமாக’ என்கிறார்.

கனி முன்னால் நடந்தாள். வீட்டு வாசல் வந்ததும், “எக்கா, பொறந்த பிள்ளைக்கு அப்பா வாசனைன்னு ஒண்ணு தெரியணும்லா?” என்றாள். நேராக டெல்சியைத் தேடிப் போனேன்.

டெல்சி தூத்துக்குடிக்காரி. இந்தத் தளத்தின் கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்கிறவள். அவள் வீட்டில் எல்லாப் பாத்திரத்துக்கும் பெயர் ஒட்டியிருக்கும். உப்பு டப்பாவில் மட்டும் சீனி இருக்கும்.

“ஊருக்குக் கிளம்பும்போது கேக்குமே, அந்த வாசல் படிவமா?” என்றாள். “அது ஜாவாவுல எழுதுனது, எக்கா. இதை எழுதுனவங்களோட பேரன் பேத்தி எல்லாம் ரிட்டயர் ஆயிருப்பாங்க. அவ்வளவு பழசு. அதே புரோகிராம்தான் காத்து மோட்டாரையும் ஓட்டுது. உள்ள கைய வச்சு எதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா எல்லாரும் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

“அண்ணாச்சி வரமாட்டாருன்னு அதுக்குத் தெரியாதா?”

“எப்படித் தெரியும்? அது பாக்கது ரெண்டே ரெண்டுதான். திரும்பி வாரேன்னு சொன்னா தேதி கட்டாயம் இருக்கணும். தேதி இனிமே வரப்போறதா இருக்கணும். அண்ணாச்சி என்ன செஞ்சாரு? காலண்டரை உருட்டு உருட்டுன்னு உருட்டி, அதுக்கு மேல போகலன்னதும் கடைசித் தேதியத் தட்டிட்டாரு. ரெண்டு சோதனையும் பாஸ். படிவம் சரியா நிரப்பியிருக்கான்னுதான் அது பாக்கும், எக்கா. உண்மையா நிரப்பியிருக்கான்னு அது பாக்காது.”

“இங்கிலீஷ்காரன் மட்டும் எப்படி ஒழுங்காப் போறான்?”

டெல்சி சிரித்தாள். “உள்ள இருக்கது ஒண்ணு, ரெண்டுன்னு வெறும் நம்பர். ஒண்ணுன்னா ஆள் காலி. ரெண்டுன்னா திரும்பி வருவாங்க. வெளிய அத எப்படிக் காட்டணும்னு ஒவ்வொரு மொழிக்கும் தனியா ஒரு கோப்பு. இங்கிலீஷ்காரனுக்கு ஒண்ணாம் நம்பர் ‘லீவிங்’னு தெரியும். தட்டிட்டுப் போயிக்கிட்டே இருப்பான். நமக்கு அது எப்படித் தெரியுது? ‘போகிறேன்’னு. நீங்க வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொல்லுவீங்களா?”

“சீ, வாயக் கழுவு!”

“பாத்தியளா?”

பார்த்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்த எவரும், அடுத்த தெருவுக்குப் போனாலும் சரி, அடுத்த கிரகத்துக்குப் போனாலும் சரி, வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்வார்களா? அது ஒரேயடியாகப் போகிறவர்கள் வார்த்தை. அவர்களும் அதைச் சொல்வதில்லை. அதனால் கிளம்பினவர்கள் அத்தனை பேரும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். நிலாவை விட்டு ஒருத்தரும் போகாத கதை இதுதான். கேடயம் எங்கள் விசுவாசத்துக்கு இல்லை, வாய் மரியாதைக்கு.

“அப்ப ஒண்ணு செய்வோம்,” என்றேன். “ஒவ்வொருத்தரையும் போன்ல பிடிச்சு அந்த வார்த்தையச் சொல்ல வச்சிருவோம். ஒரு வார்த்தைதானே.”

டெல்சி அதற்கு ஏற்பாடு செய்தாள். வருவதாகச் சொல்லிப் போனவர்கள் நிலாவோடு பேசும்போது அவர்களுடைய படிவம் தானாகத் திறந்துகொள்ளும். குரலை அடையாளம் கண்டு, சொன்னதைக் கேட்டு, பதிந்துகொள்ளும். நான் காதை வைத்தால் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பது. மெஷின் காதை வைத்தால் அதற்குப் பெயர் சேவை. இருக்கட்டும்.

முதலில் செந்தூரான் அண்ணாச்சி. திரையில் அண்ணாச்சியும் அவருக்குப் பின்னால் கருப்பட்டிச் சிப்பங்களும் தெரிந்தன. கனி, லிங்கதுரை, டெல்சி, நான் எல்லாரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“ஏ, யாரு, சந்தனமாரியா! நல்லா இருக்கியாட்டி? அங்க தண்ணி ஒழுங்கா வருதா?”

“எல்லாம் வருது, அண்ணாச்சி. உங்க எதுத்த வீட்டு கனி மாசமா இருக்கா.”

“ஆங்! எஞ்செல்லம்! சுகமா பெத்துப் பொழைக்கணும்.” அவர் கண் கலங்கிவிட்டது. “என்ன வேணும்னாலும் கேளு கனி. சுக்குக் கருப்பட்டி அனுப்பட்டா?”

“அண்ணாச்சி, எனக்கு ஒரே ஒரு வார்த்த போதும்,” என்றாள் கனி. விஷயத்தைச் சொன்னாள். “நீங்க ‘நான் போறேன்’னு ஒரு தடவ சொல்லிட்டா உங்க வீட்டு மூச்சிடம் என் பிள்ளைக்குக் கெடச்சிரும்.”

அண்ணாச்சி முகம் சுருங்கியது. பின்னால் இருந்த சிப்பம் ஒன்றைத் தூக்கி ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“வீடு எடுத்துக்கோம்மா. கட்டில எடுத்துக்கோ. ஆனா வயித்துப்பிள்ளைக்காரி மொகத்தப் பாத்து என் வாயால அந்த வார்த்தையச் சொல்லச் சொல்லுதியே. வெளங்குமா? உன் பிள்ளை நல்லா இருக்கணும்னுதான் சொல்ல மாட்டேங்கேன்.”

“சும்மா மெஷினுக்குத்தான், அண்ணாச்சி!”

“மெஷினுக்குச் சொன்னா என்ன, மனுசனுக்குச் சொன்னா என்ன, வாய் என் வாய்லா?” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு, “கோவிச்சுக்கிடாத தாயி. எல்லாரும் ஒருதரம் நம்ம வீட்டுக்கு வாங்க. கடைக்கு மேல மாடி எடுத்திருக்கேன். காத்து பிச்சுக்கிட்டுப் போகும்,” என்றார்.

காற்றுக்குத்தான் நாங்கள் இங்கே அலைகிறோம்.

அடுத்தது பாளையங்கோட்டையில் இருக்கிற எஸ்தர் டீச்சர். எங்கள் வளவில் இருந்த காலத்தில் எல்லாருக்கும் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவர். படித்தவர், புரிந்துகொள்வார் என்று நினைத்தோம். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். ‘லீவிங்’ என்று இங்கிலீஷில் வேண்டுமானால் பத்து தடவை சொல்வதாகச் சொன்னார். டெல்சி தலையில் கைவைத்தாள். தமிழ்ப் படிவத்தில் சேர்ந்தவர் தமிழில்தான் முடிக்க வேண்டுமாம். “அப்ப கர்த்தர் வேற வழி காட்டுவார்” என்று டீச்சர் ஜெபம் பண்ணிவிட்டு, லீவுக்கு நம்ம வீட்டுக்கு வாங்க என்று வைத்துவிட்டார். திசையன்விளை செல்லத்துரை பாதியிலேயே கையெடுத்துக் கும்பிட்டான். அவன் மனைவி உள்ளே இருந்து “யாரு, மாரியக்காவா? அந்தப் பேச்சை விட்டுட்டு எல்லாரையும் நம்ம வீட்டுக்கு ஒரு நட வரச் சொல்லுங்க” என்று கத்தினாள்.

லிங்கதுரை எழுந்துவிட்டான். “விடுட்டி கனி. பெட்டிய எடு, கட்டுவோம்.”

கனி எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எக்கா, ஒண்ணு கவனிச்சியளா? எல்லாரும் நம்மள வீட்டுக்குக் கூப்பிடுதாங்க.”

“கூப்பிடாம? மரியாதைக்குக் கூப்பிடத்தான் செய்வாங்க.”

“இல்லக்கா. ‘நம்ம வீட்டுக்கு’ங்காங்க. செந்தூரான் அண்ணாச்சி இங்க இருக்கும்போது லீவுக்கு ஊருக்குப் போயி அங்க இருந்து போன் பண்ணுவாருல்லா, அப்ப எப்பவாவது ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ன்னு சொல்லியிருக்காரா? ‘ஊருக்கு வாங்க’ன்னுதான் சொல்லுவாரு. ‘நம்ம வீட்டுல பல்ப எரிய விட்டுட்டு வந்துட்டேன், அணச்சிருங்க’ம்பாரு. அப்ப வீடுன்னா இது. இப்ப வீடுன்னா அது. திரும்பி வாரவன் எவனாவது நம்மள அங்க உள்ள வீட்டுக்குக் கூப்பிடுவானா?”

டெல்சி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கனி,” என்றாள், “நீ வெறும் கீரைக்குத் தண்ணி ஊத்துத ஆளாட்டி?”

“எனக்கு இந்தப் பிள்ள வேணும். அதான்,” என்றாள் கனி.

அதற்குப் பிறகு டெல்சி பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இது. உள்ளே இருக்கிற ஒன்றாம் நம்பரை யாரும் தொட வேண்டியதில்லை. அதை வெளியே காட்டுகிற தமிழை மட்டும் மாற்றினால் போதும். ‘போகிறேன்’ என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று போட வேண்டும். வெளியூரில் நின்றுகொண்டு அதைச் சொல்கிற குரலைக் கேட்டால், ஆள் குடிபெயர்ந்தாச்சு என்று மெஷின் பதிந்துகொள்ளும். வீடு என்றாலும் வூடு என்றாலும், வாங்க என்றாலும் வா என்றாலும் அது புரிந்துகொள்ளும்படி எழுதினாள். ‘ஊருக்கு வாங்க’ என்றால் மட்டும் கண்டுகொள்ளாது.

அனவரதன் ஒத்துக்கொள்ளவில்லை. கேடயத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு ஆள் தங்குகிற வளவு என்று மேலே அனுப்பின அறிக்கையில்தான் அவருடைய பதவி உயர்வு தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் சட்டைப் பையைக் காலி பண்ணாமல் சலவைக்குப் போடுகிறவர்.

“வார்த்தையை மாத்திட்டு ஜனங்க சொன்னதா எழுதினா, அது பொய்யில்லையாம்மா?”

“இப்ப உங்க திரையில இருக்கதுதான் சார் பொய்,” என்றாள் டெல்சி. “இந்த நூற்றாண்டு முடியுத அன்னைக்கு எஸ்தர் டீச்சர் பொட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பாங்கன்னு நீங்க நம்புதியளா? அப்ப அவங்களுக்கு வயசு என்ன இருக்கும், கணக்குப் போடுங்க.”

“நான் நம்பறது முக்கியமில்ல. ஒரு ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டி, உள்ள காத்து இல்லாமப் போயிடக் கூடாது. அதுதான் முக்கியம்.”

கனி சொன்னாள்: “அப்ப நீங்களே பேசிப் பாருங்க, சார். நாங்க யாரும் வாயத் திறக்கல. அவங்க தானா சொன்னா எடுத்துக்கோங்க. சொல்லலைன்னா நான் ஓடத்துல ஏறுதேன்.”

இப்படிப் பந்தயம் வைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லிங்கதுரை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அனவரதன் எஸ்தர் டீச்சரை அழைத்தார். குசலம் விசாரித்தார். டீச்சர் அவர் மூக்குக்கண்ணாடி பற்றி விசாரித்தார். அப்புறம் மழை பற்றி, டீச்சரின் மூட்டுவலி பற்றி. நாங்கள் சுவரோடு சுவராக நின்றோம். டீச்சர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னார். அனவரதன் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“சரிங்க டீச்சர், வச்சிடட்டுமா?”

“ஏன் தம்பி, மேல இருந்துக்கிட்டு அளந்து அளந்து பேசுதீங்க? அடுத்த தடவ பூமிக்கு வந்தா பாளையங்கோட்டைக்கு, நம்ம வீட்டுக்கு வாங்க. விளமீன் குழம்பு வச்சுத் தாரேன். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

திரை பச்சையாகியது.

நடைக்கு அப்பால், டீச்சர் வீட்டுக் காற்று மோட்டார் நின்றது. இத்தனை வருஷமாக அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. லிங்கதுரை சத்தம் போட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். டீச்சர் அன்றைக்குத்தான் எங்களை விட்டுப் போன மாதிரி இருந்தது.

அப்புறம் கனி சிரித்தாள். அப்புறம் நடை முழுக்க ஒரே கூச்சல்.

அனவரதன் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “அவங்க கூப்பிட்டது நிஜமாவே கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது,” என்றார். “வாழ்த்துகள்மா.” இந்தத் தடவை வாழ்த்துக்குப் பின்னால் ‘ஆனா’ வரவில்லை.

மிச்சம் இருந்த பத்து பேரிடமும் பேசினோம். ஒன்பது பேர் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாலு பேர் கறிச்சோறு என்றார்கள். சுடலைமணி ஒருத்தன்தான் கூப்பிடவில்லை. “மயினி, என் வீட்டுல எதையும் அசைக்காதிய. தங்கச்சி கல்யாணம் முடிஞ்ச கையோட ஓடியாந்திருவேன்,” என்றான். மெஷின் பேசாமல் இருந்தது. அவன் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் அனவரதனுக்கு முழு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். அன்றைக்கே அறிக்கையைத் தானே திருத்தி மேலே அனுப்பிவிட்டார். பிள்ளைக்கு ஒன்று போக ஒன்பது மூச்சிடம் மிச்சம்.

அந்த வருஷம் கேடயம் எங்களுக்கு இல்லை. தெலுங்குக்காரர்கள் குடியிருப்புக்குப் போய்விட்டது. அங்கிருந்தும் இதுவரை ஒருத்தர்கூடப் போனதில்லையாம். அவர்களும் கிளம்பும்போது ‘வெள்ளி வஸ்தானு’ என்றுதான் சொல்வார்கள். போய் வருகிறேன் என்று அர்த்தம். கேடயம் வாங்கின சந்தோஷத்தில் லட்டு கொடுத்தார்கள். நான் லட்டைச் சாப்பிட்டேன், வேறொன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளைக்கு மூச்சிடம் என்று திரையில் பச்சை எழுத்தில் வந்ததும், கனி முதல் வேலையாக உடன்குடியில் இருக்கிற அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா பெயர் உலகம்மாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பிடிவாதமாக இருந்தவள். மகள் வருவாள் என்று தொட்டிலுக்குக் கயிறுகூட மாட்டிவைத்துவிட்டாள் என்று கேள்வி.

“எம்மா! இடம் கெடச்சிட்டு! பிள்ள இங்கதான் பொறக்கும். அவங்க அப்பா கையிலதான் மொதல்ல இருக்கும்.” கனிக்கு மூச்சு வாங்கியது. “நீ கவலப்படாதம்மா. ஒருதரம் நீ நம்ம வீட்டுக்கு வா!”

அந்தப் பக்கம் ஒரு மணி அடித்தது. உலகம்மாள் திரையை விட்டு விலகி, செல்போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“என்னமோ வந்திருக்கு கனி. ‘சுயம்புக்கனி நிரந்தரமாகக் குடிபெயர்ந்தார். குடும்ப அட்டையில் இருந்து பெயர் நீக்கப்படுகிறது.’”

டெல்சிக்கு முகம் வெளிறிவிட்டது. “எக்கா, குலசையிலயும் இதே படிவம்தான்,” என்று என் காதில் சொன்னாள். “மொழிக்கோப்பு ரெண்டு இடத்துக்கும் ஒண்ணுதான். நான் அத யோசிக்கல.”

பத்து வருஷத்துக்கு முன்னால் குலசையில் ராக்கெட் ஏறும்போது கனியும் ‘போயிட்டு வாரேம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். அந்தப் படிவம் அங்கே திறந்தே கிடந்திருக்கிறது. இப்போது அவள் குரலைக் கேட்டு மூடிக்கொண்டது. மெஷின் எங்கள் ஆட்களைப் பார்த்த அதே கண்ணால் அவளையும் பார்த்துவிட்டது.

“எம்மா, அது தப்பா வந்திருக்கு!” கனிக்கு அழுகை வந்துவிட்டது. “டெல்சி இப்பவே மாத்திருவா. மாத்திருவேல்லா டெல்சி?”

“எதுக்கு மாத்தணும்?” என்றாள் உலகம்மாள். “நீ இப்ப வீடுன்னு சொன்னது எத? இந்த வீட்டையா, அந்த வீட்டையா?”

கனி தான் நிற்கிற தரையைக் குனிந்து பார்த்தாள்.

“பொறவு என்ன, மெஷின் சரியாத்தான் சொல்லுது. எனக்குத் தெரியாத ஒண்ணையும் அது சொல்லிரல.” உலகம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “வீடுன்னு ஒண்ணு அமையுதது நல்லதுதானட்டி. அழாத, வயித்துல பிள்ளைக்கு ஆகாது. சரி, நான் வாரேன்.”

திரை அணைந்தது.

கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள் என்று கனி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வயிற்றெரிச்சலோடு வைத்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வளவு முழுக்கச் சொல்லியும் விட்டேன். அதற்குப் பிறகு கனி கூப்பிட்டபோதெல்லாம் உடன்குடியில் யாரும் எடுக்கவில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னேன்லா என்று அதையும் சொன்னேன்.

கனியை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய ஓடம், குறித்த நாளில் வந்து இறங்கியது. ஏறுவதற்கு எங்கள் வளவில் இருந்து யாரும் இல்லை. அரிசி, பருப்பு, துணிமணிப் பெட்டிகளை வாங்கப் போயிருந்தோம். வரவேண்டாம் என்று நாங்கள் சொன்னதைக் கேட்காமல் கனியும் லிங்கதுரை தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

கதவு திறந்தது. பெட்டிகளுக்கு நடுவில் இருந்து, பழக்கமில்லாத காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, கனமில்லாத உடம்பைக் கனமாக நினைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நடந்து வந்தாள். இடுப்பில் ஒரு பை. தோளில் ஒரு பை. வாசல் திரை அவளைப் பார்த்து, வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டது. அவள் அதைச் சட்டை பண்ணவே இல்லை.

நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

“என்னட்டி முழிக்கிய?” என்றாள் உலகம்மாள். “நாந்தான் அன்னைக்கே வாரேன்னு சொன்னேன்லா!”